28 வாட் காற்று

வேலூரில் மே மாதம், மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் படுத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். ராத்திரி பதினோரு மணிக்கும் தளம் அனல் கக்கும். தெருவில் வீட்டுக்கு வீடு ஏ.சி. ஓடத் தொடங்கியதும் வோல்டேஜ் இறங்கிவிடும். ஃபேன் சோர்ந்துபோய், இறக்கைகளை எண்ணிவிடலாம் போலச் சுற்றும். இருபது வருஷமாக எங்கள் வீட்டுக் கோடை இப்படித்தான் கழிந்தது. போன பங்குனியில் நான்கு பி.எல்.டி.சி. ஃபேன்களை, அதாவது பிரஷ் இல்லாத டி.சி. மோட்டாரில் ஓடுபவற்றை, வாங்கி மாட்டினோம். அன்றைக்கு வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

புதுப் பொருள் எது வந்தாலும் தேடிப் போய்ப் பார்க்கிறவள் நான். புது செல்போன் வெளியீட்டை நடுராத்திரி விழித்திருந்து பார்த்திருக்கிறேன். ஸ்மார்ட் வாட்ச், இயர்பட்ஸ், பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கர் எல்லாம் வீட்டில் உண்டு, எல்லாமே எனக்குப் பிடித்தவைதான். ஆனாலும் பத்து வருஷத்தில் நான் வாங்கியவற்றுள் சிறந்தது எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் மேலே கை காட்டுவேன்.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் தம்பி எங்கள் தெருவில் பல வருஷமாக வேலை பார்ப்பவர். பழைய ஃபேனைக் கழற்றிக் கீழே வைத்தபோது, "தொட்டுப் பாருங்கக்கா" என்றார். நிறுத்திக் கால் மணி நேரம் ஆகியும் மோட்டார் தோசைக்கல் மாதிரி சுட்டது. "நீங்க கட்டுற கரன்ட் காசுல பாதி இந்தச் சூட்டுக்குத்தான் போகுது." புதியதை மாட்டி முழு வேகத்தில் விட்டார். ஒரு மணி நேரம் கழித்து நாற்காலியில் ஏறி நானே தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கைக்கு இதமான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். "இதுல கண்டென்சரும் கிடையாதுக்கா, வருஷா வருஷம் மாத்த வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. பழைய ஃபேனில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். காயிலில் ஓடும் மின்சாரம், சுழலும் பாகத்திலும் ஒரு மின்னோட்டத்தைத் தூண்டி, அதன் காந்த விசையால் அதைச் சுற்ற வைக்க வேண்டும். தூண்டப்பட்ட அந்த மின்னோட்டம் கணிசமாக வெப்பமாகி வீணாகிறது. பி.எல்.டி.சி. மோட்டாரில் சுழலும் பாகத்தில் நிரந்தரக் காந்தங்களே இருக்கின்றன. தூண்ட வேண்டிய வேலையே இல்லை. உள்ளே இருக்கும் ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு, வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரத்தை டி.சி.யாக (நேர்திசை மின்சாரமாக) மாற்றி, எந்தக் காயிலுக்கு எந்தக் கணத்தில் மின்சாரம் போக வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அனுப்புகிறது. வோல்டேஜ் இறங்கினாலும் அந்த போர்டு சமாளித்துக்கொள்வதால் வேகம் குறைவதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, தெரு முழுக்க ஏ.சி. ஓடும்போது, என் தலைக்கு மேல் அதே காற்று. முதல் ராத்திரி இதை நம்ப முடியாமல் வெகுநேரம் மல்லாந்து பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

இன்வெர்ட்டரில் ஓடும்போது இன்னும் ஆச்சரியம். எங்களுடையது பழைய இன்வெர்ட்டர். கரன்ட் போனதும் முன்பெல்லாம் ஃபேன் 'உர்ர்' என்று உறுமத் தொடங்கும், அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். இப்போது சத்தமே இல்லை. கரன்ட் போனது காலையில் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரிகிறது. பேட்டரியும் முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் தாங்குகிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஃபேன் முழு வேகத்தில் ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். நான் வாங்கியது 28 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் என்று வைத்தால், இரண்டு மாதத்தில் பழையது 67 யூனிட்டுக்கு மேல் சாப்பிடும், புதியது 25 யூனிட்டோடு நின்றுவிடும். நான்கு ஃபேன்களுக்குப் பழைய கணக்கு 270 யூனிட், புதுக் கணக்கு ஏறக்குறைய 101. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த இலவசத்திலேயே வீட்டு ஃபேன் அத்தனையும் கிட்டத்தட்ட ஓடிவிடும்! எங்கள் வீட்டில் நான்கும் எப்போதும் முழு வேகத்தில் ஓடுவதில்லை, ஆனாலும் கோடை ரீடிங்கில் 140 யூனிட் குறைந்திருந்தது. விலை பழைய வகையைவிடக் கூடுதல்தான். அந்தக் கூடுதல் காசு கரன்ட் பில்லிலேயே திரும்பி வந்துவிடும்.

இதில் எனக்குத் தனிப் பெருமை ஒன்று உண்டு. நம் நாட்டில் இந்த வகைக்கு வழிகாட்டியவர்களில் கோயம்புத்தூர்க்காரர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். பம்ப்செட்டும் வெட் கிரைண்டரும் செய்து மோட்டாரோடு வளர்ந்த ஊர் அது. அங்குள்ள வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012இல் 35 வாட்டில் ஓடும் 'சூப்பர்ஃபேன்' என்ற மின்விசிறியைக் கொண்டுவந்தது. தமிழ்நாடு மணிக்கணக்கான மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த வருஷம் அது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். அதே 2012இல் ஐ.ஐ.டி. பாம்பேயில் படித்த இருவர் தொடங்கிய ஆட்டம்பர்க், பின்னாளில் இந்த ஃபேனைக் கடைக்குக் கடை கொண்டுபோய்ச் சேர்த்தது. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு, மின் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டது. இப்போது பெரிய கம்பெனிகள் எல்லாமே பி.எல்.டி.சி. ஃபேன் செய்கின்றன.

ரிமோட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அம்மா கோபித்துக்கொள்வார். முழங்கால் வலியோடு விடியற்காலை எழுந்து, ரெகுலேட்டரைக் குறைக்க நடந்தவர் அவர். இப்போது தலையணைக்கடியில் ரிமோட். நாலு மணிக்குத் தானே நிற்க டைமர் வைக்கவும் கற்றுக்கொண்டார். "இதைக் கண்டுபிடிச்சவன் நல்லா இருக்கணும்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் நானும் மனதார ஆமோதிக்கிறேன்.

ஒரே ஒரு குறை. எட்டாம் மாதம் ஹால் ஃபேனின் போர்டு போய்விட்டது. வாரண்டியில் இலவசமாகத்தான் மாற்றினார்கள், ஆனால் பதினோரு நாள் காத்திருந்தோம். பழைய ஃபேனாக இருந்தால் தெருமுனைக் கடையிலேயே காயில் கட்டி மாலைக்குள் ஓட விட்டிருப்பார்கள். கம்பெனிக்காரர்களே, அந்த போர்டைத் தனி உதிரிப் பொருளாகக் கடைகளில் கிடைக்கச் செய்யுங்கள், எங்கள் தெரு எலக்ட்ரீஷியனுக்கும் அதைப் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுங்கள். இவ்வளவு நல்ல பொருள் ஒரு சின்ன போர்டுக்காகப் பரணில் ஏறக்கூடாது.

உங்கள் வீட்டில் அடுத்து ஒரு ஃபேன் கெட்டுப்போனால், தயவுசெய்து பழைய வகையை மறுபடி வாங்காதீர்கள். நான்கும் ஒரே நேரத்தில் முடியாதென்றால், படுக்கும் அறைக்கு மட்டும் ஒன்று மாட்டிப் பாருங்கள். மாட்டும்போது சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேரடியாக இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். இந்த ஃபேனுக்கு ரெகுலேட்டர் ஆகாது.