டிசம்பர் 17 ராத்திரி வண்டி எங்கே நின்றது?

பேட்டை மெக்கானிக் அண்ணாச்சி பானட்டைத் திறக்கவே இல்லை. கண்ணாடி நாலையும் ஏற்றிவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு நிமிஷம் போனது. புரோக்கர் மணி பார்த்தார். அப்புறம் அண்ணாச்சி சீட் பெல்ட்டைப் பிடித்து, இதற்குமேல் வராது என்கிற வரைக்கும் இழுத்தார். உள்ளே சுருண்டு கிடந்த கடைசி ஒரு முழம் மட்டும் செம்மண் நிறத்தில் விறைத்துப்போயிருந்தது.

“வாங்க தம்பி, டீ குடிப்போம்” என்று இறங்கிவிட்டார்.

வெள்ளை வேகன் ஆர். பாலிஷ் போட்டு, புது சீட் கவர் மாட்டி, டேஷ்போர்டில் பிள்ளையாரும் வைத்திருந்தார்கள். மற்ற இடங்களில் சொன்ன விலையைவிட இருபதாயிரம் கம்மி. அதனால்தான் நான் அட்வான்ஸ் பணத்தோடு போயிருந்தேன்.

“ஆத்துத் தண்ணி குடிச்ச வண்டி அது. இன்னைக்கு ஓடும், நாளைக்கும் ஓடும். ஆறு மாசம் கழிச்சு ஹாரன் அடிச்சா வைப்பர் ஓடும். பொறவு எங்கிட்டதான் வருவிய. நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க?”

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குவதைப் பற்றி ஊருக்கு ஊர் ஆலோசனை கிடைக்கிறது. கிலோமீட்டரைப் பார், டயரைப் பார், எத்தனையாவது ஓனர் என்று கேள். எல்லாம் சரிதான். ஆனால் தாமிரபரணிக் கரையில் அதற்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு: 2023 டிசம்பர் 17 ராத்திரி இந்த வண்டி எங்கே நின்றது?

அந்த இரண்டு நாள் மழையை இந்தப் பக்கம் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. கைலாசபுரம், வண்ணார்பேட்டை எல்லாம் ஆற்றோடு சேர்ந்துபோயின. சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற என் பைக்கின் ஹேண்டில்பார் மட்டும் மறுநாள் வெளியே தெரிந்தது. தெருவில் நின்ற கார்கள் என்ன ஆயின? வடிந்தபிறகு ஒவ்வொன்றாகக் கட்டி இழுத்துப் போனார்கள். அவற்றில் பல மறுபடி ஓடுகின்றன. சில விற்பனைக்கு நிற்கின்றன.

முழு இன்சூரன்ஸ் இருந்த வண்டியென்றால் தடம் கண்டுபிடித்துவிடலாம். ரிப்பேர் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கம்பெனி ‘டோட்டல் லாஸ்’ போட்டுவிடும். அதற்குள் அடங்கி கிளெய்ம் வாங்கியிருந்தால், அடுத்த வருஷ பாலிசியில் ‘நோ கிளெய்ம் போனஸ்’ பூஜ்யமாகிவிடும். கிளெய்மே வாங்காத ஓனருக்கு அந்த எண் 20, 25, 35, 45, 50 என்று ஏறிக்கொண்டே போகும். 2024 பாலிசியில் பூஜ்யம் என்றிருந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சிக்கல் என்னவென்றால், ஒன்றரை, இரண்டு லட்சத்துக்கு நாம் தேடும் பத்துப் பன்னிரண்டு வயசு வண்டிகளில் பாதிக்கு வெறும் தேர்டு பார்ட்டிதான் இருக்கும். அதில் வெள்ளத்துக்குப் பைசா கிடைக்காது. ஓனர் கைக்காசைப் போட்டுக் கழுவி, காயவைத்து, வித்துவிடுவார். ஒரு காகிதத்திலும் பதிவாகாது. அதனால்தான் அண்ணாச்சி மூக்கை நம்பினார்.

மூக்குக்கு அப்புறம் கை. மிதியடியைத் தூக்கி அடியில் உள்ள கார்ப்பெட்டை அழுத்தினால் ஈரப்பசை தெரியும். சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி ஓடும் இரும்பில் துரு இருக்கிறதா என்று செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கலாம். சீட் கவர் புதுசாக மாற்றுகிறவர்கள் அதை மாற்றுவதில்லை. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அந்தக் குழியில் வண்டல் படிந்திருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் ஃபியூஸ் பாக்ஸில் பச்சை பூத்திருந்தால் அதோடு எழுந்து வந்துவிட வேண்டியதுதான். இன்ஜின் விஷயம் வேறு. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போன பிறகு ஆசைக்கு ஒரு தடவை சாவியைத் திருப்பினால் போதும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அன்றைக்கு வண்டிகள் செத்தது பாதி வெள்ளத்தால், மீதி அப்படிச் சாவியைத் திருப்பியதால் என்பது அண்ணாச்சி கணக்கு.

ஆறு வண்டி பார்த்து ஏழாவதாகக் கிடைத்தது 2013 மாருதி ஆல்ட்டோ 800, எல்எக்ஸ்ஐ. சில்வர் கலர், டிஎன் 72, ஒரே ஓனர், 61,000 கிலோமீட்டர். கல்லிடைக்குறிச்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. கதவைத் திறந்ததும் குப்பென்று பெருங்காய வாசனை. மகள் வீட்டுக்கு அப்பளக் கட்டு ஏற்றி ஏற்றி சீட்டெல்லாம் ஊறிப்போயிருந்தது. அண்ணாச்சி கதவைச் சாத்தி உட்கார்ந்தார், சிரித்தார்.

“சார், அந்த வெள்ளத்தன்னைக்கு வண்டி எங்க நின்னுச்சு?” என்று கேட்டேன்.

“நாங்க ஊர்லயே இல்லையே. மகளுக்குப் பேறுகாலம், மதுரைல இருந்தோம்.” சொன்னதோடு விடாமல் போனில் ஃபாஸ்டேக் கணக்கை எடுத்துக் காட்டினார். டிசம்பர் 14 அன்று கயத்தாறு, எட்டூர்வட்டம், கப்பலூர். திரும்பியது 27ஆம் தேதி, அதே மூன்று டோல்கேட் தலைகீழ் வரிசையில். பழைய வண்டிக்கு வரலாறு கிடையாது என்று நினைத்தேனே, டோல்கேட்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்! இனி யார் கார் வாங்கப் போனாலும் இதைக் கேளுங்கள். காட்ட மறுக்கிறவர்களிடமும் ஏதோ தெரிந்துகொள்கிறோம்.

ஓட்டிப் பார்க்க அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் போனோம். செக்போஸ்ட் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் அண்ணாச்சி மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்த் திடீரென்று ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தார். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி நகராவிட்டால் கிளட்ச் பிளேட் போச்சு என்று அர்த்தம். நகர்ந்தது, முனகிக்கொண்டே. அப்புறம் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வட்டமடித்தார்; டிரைவ் ஷாஃப்டில் ‘டக் டக்’ இல்லை. முன்பக்கம் ஒரு லோயர் ஆர்ம் புஷ் மட்டும் தேய்ந்திருந்தது. 1,80,000 கேட்டவர் 1,62,000-க்கு இறங்கினார். வண்டிச் சாவியோடு ஒரு கட்டு அப்பளமும் கொடுத்தார்.

இனி, ஒரு வருஷம் ஓட்டியவன் சொல்வது.

796 சிசி, மூன்று சிலிண்டர், 48 குதிரைச் சக்தி. சிக்னலில் நின்றால் கியர் ராடு லேசாக நடுங்கும். அது நோய் இல்லை, பிறவிக் குணம். தனியாகவோ இரண்டு பேராகவோ போனால் சுறுசுறுப்பு. நாலு பேர் ஏறி ஏ.சி.யும் போட்டுவிட்டால் ஈரடுக்கு மேம்பாலத்திலேயே இரண்டாவது கியர் கேட்கிறது. சேரன்மகாதேவி ரோட்டில் பஸ்ஸை முந்துவதற்கு முன்னால் ஏ.சி.யை அணைக்கக் கை தானாகப் போகிறது. சித்திரை வெயிலில் பின்சீட்டுக்குக் குளிர் போய்ச் சேர இருபது நிமிஷமாகும். அம்மா விசிறியோடுதான் ஏறுகிறாள்.

ஆனால் நெல்லையப்பர் கோயில் ரத வீதிக்குள் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அகலம் ஒன்றரை மீட்டர்கூட இல்லை, 1,490 மில்லிமீட்டர்தான். திரும்பும் வட்டத்தின் ஆரம் நாலே முக்கால் மீட்டருக்குள்தான். சாயங்காலம் இருட்டுக்கடை வரிசைக்குப் பக்கத்தில், இரண்டு ஆட்டோவுக்கு இடையில் நான் இதை நிறுத்தியதைப் பார்த்து ஆட்டோக்காரர் ஒருவர் “பரவாயில்லையே” என்றார். கார் ஓட்டக் கற்ற மூன்றாம் மாதத்தில் அதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

நாகர்கோவில் ரோடு வேறு கதை. ஆடி மாசம் பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அறைந்தது. வண்டி எழுநூறு கிலோ சொச்சம்தான். லாரியின் மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் ஒரு அடி தள்ளிவிடுகிறது. காற்றாலைகள் சுற்றும் வேகத்தைப் பார்த்தே காலை எடுத்துவிடப் பழகிக்கொண்டேன். இதோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: ஏர்பேக் இல்லாத ஆல்ட்டோ 800-க்கு 2014-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் கிடைத்தது பூஜ்யம் நட்சத்திரம். என்னுடையதும் ஏர்பேக் இல்லாததுதான். நாலுவழிச் சாலையில் 80-ஐத் தாண்டுவதில்லை. அதற்குமேல் ஓட்ட ஆசைப்படுகிறவர் இந்த விலையில் கார் தேடக்கூடாது என்பது என் கட்சி.

மைலேஜ், டவுனுக்குள் ஏ.சி.யோடு 16, வெளியூர் என்றால் 20. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இது அந்தக் காலத்துக்கு முந்திய வண்டி. பெட்ரோல் ரப்பர் ஹோஸ்களை அண்ணாச்சி முன்கூட்டியே மாற்றிவிட்டார்.

வாங்கிய விலையோடு செலவு முடியாது. முதல் இரண்டு மாதத்தில் 31,000 போனது. எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாத டைமிங் பெல்ட், அந்தப் புஷ், பேட்டரி, பிரேக் ஷூ, ஏ.சி. கேஸ். டயர்தான் என்னை ஏமாற்றியது. பட்டன் நன்றாக இருந்தது, ஆனால் பக்கவாட்டில் 1817 என்று நாலு எண். 2017-ன் பதினெட்டாவது வாரத்தில் செய்தது. வெயிலில் நின்றே வெடித்துப்போயிருந்தது. நாலையும் மாற்றினேன்.

ஆர்.டி.ஓ. வேலை பயந்த அளவுக்கு இல்லை. படிவம் 29-ம் 30-ம். விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் நம் பேருக்கு மாற்றக் கேட்டுவிட வேண்டும். ஆசிரியர் சேர்த்துவைத்த 50 சதவீதப் போனஸ் அவரோடு போய்விட்டது, வண்டியோடு வராது. ஆர்.சி. 2028 வரைதான். அப்புறம் எஃப்.சி. காட்டி, 5,000 ரூபாய் புதுப்பிப்புக் கட்டணமும் பசுமை வரியும் கட்டினால் இன்னும் ஐந்து வருஷம். அப்போது வைத்திருப்பேனா, தெரியாது.

போன ஐப்பசியில் மழை பிடித்தது. பாபநாசம் அணையின் மொத்த உயரம் 143 அடி. தண்ணீர் ஏற ஏற, தெரு வாட்ஸ்அப் குரூப்பில் மணிக்கொரு தரம் எண் வந்துகொண்டிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு எழுந்து வண்டியை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை மேட்டில் இருக்கும் மச்சான் வீட்டு வாசலில் நிறுத்தினேன். கதவைத் திறந்த மச்சான் என்னைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், பின்சீட்டை எட்டிப் பார்த்தான்.

“அக்காவ எங்க மாப்ள? வண்டிய மட்டும் கூட்டிட்டு வந்திருக்கீரு?”