முத்ரஃப்: ‘சுகவாசி’ என்னும் சொல் போதுமா?

திருக்குர்ஆனில் ‘த-ர-ஃப’ என்னும் வேரிலிருந்து பிறந்த சொற்கள் எட்டு இடங்களில் வருகின்றன; ஐந்தில் ‘முத்ரஃப்’ என்னும் பெயராக, மூன்றில் வினையாக. தமிழ் மொழிபெயர்ப்புகளில் இதற்குச் ‘சுகவாசிகள்’ என்றும் ‘செல்வந்தர்கள்’ என்றும் பொருள் தரப்படுவதைக் காண்கிறோம். இவை பிழையென்று நாம் கூறவில்லை. போதுமானவைதாமா என்பதே நம் கேள்வி.

‘சுகவாசி’ நம் வழக்கில் கனமற்ற சொல். உண்டதும் உறங்கும் உறவினரைப் புன்முறுவலோடு அவ்வாறு குறிப்பிடுகிறோம். ‘செல்வந்தர்’ என்பதோ பழிச்சொல்லே அன்று; ஸகாத் வழங்குபவரும் செல்வந்தரே. அரபுச் சொல்லின் இலக்கணம் வேறொன்றை உணர்த்துகிறது. முத்ரஃப் என்பது செயப்பாட்டு வடிவம். சுகத்தைத் தேடி அலைபவனை அன்று, சுகபோகம் வழங்கப்பெற்று அதிலேயே ஊறிப்போனவனை அது சுட்டுகிறது. அந்த வாழ்வைத் தந்தவன் தானே என 23:33இல் இறைவன் நினைவூட்டுகிறான். கொடையில் மூழ்கிக் கொடுத்தவனை மறந்தவன் என்பதே சொல்லின் உட்பொருள்.

சொல் வரும் சூழல்களும் இதனை உறுதி செய்கின்றன. 34:34, 43:23 ஆகிய வசனங்களில் எச்சரிப்பவரை முதலில் மறுப்பவர்கள் இவர்களே. ஓரிடத்தில் செல்வமும் மக்கட்பேறும் தங்களைக் காக்கும் என்கின்றனர். மற்றோரிடத்தில் முன்னோர் வழியே போதும் என்கின்றனர். 23:33இல், இவரும் நம்மைப் போல் உண்டு குடிப்பவர்தாமே என்று தூதரை எள்ளுகின்றனர். உணவையே அளவுகோலாகக் கொண்டவர்களின் வாதம் வேறெப்படி அமையும்?

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளத் திருவண்ணாமலை துணைபுரிகிறது. 15ஆம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர், இளமையைச் சிற்றின்பத்தில் கழித்து, பொருளும் உடல்நலமும் இழந்து, வல்லாள மகாராஜா கோபுரத்தினின்று உயிர்விடக் குதித்தார் என்பது அவ்வூரின் மரபுக் கதை. அவர் பாடல்களில் வரும் தன்னிழிவுக் கூற்றுகளை வாழ்க்கை வரலாறாகக் கொள்வதா, பக்தி மரபாகக் கொள்வதா என்பது தனி ஆய்வு. கதையையே எடுத்துக்கொண்டாலும், அவர் இன்பப் பிரியரே அன்றி முத்ரஃப் ஆகார். இச்சைக்கு அடிமையானவர் நாணினார். நாணம் அவரைத் திருப்பியது. முத்ரஃபிடம் இல்லாதது அந்நாணமே. 23:64இன்படி அவன் கதறுவது வேதனை பிடித்த பின்னரே. காயல்பட்டினத்துக் காசிம் புலவர் அருணகிரியாரின் சந்தத்தை ஏற்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது திருப்புகழ் பாடியதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

‘தரஃப்’ என்பதைச் சமூகவியல் கலைச்சொல்லாக உயர்த்தியவர் இப்னு கல்தூன். 1377இல் எழுதிய முகத்திமாவில், ஆடம்பரம் குழுவுணர்வைக் கரைத்து அரசுகளை மூன்று தலைமுறைகளில், ஏறக்குறைய 120 ஆண்டுகளில், முதுமைக்குத் தள்ளுவதை விளக்குகிறார். அங்கும் பேசப்படுவது தனிமனிதனின் சபலம் அன்று, ஒரு வர்க்கத்தின் வாழ்முறை. 17:16இன் வினைச்சொல்லுக்கு ‘அதிகாரத்தில் அமர்த்தினோம்’ எனப் பொருள்படும் ஓர் ஓதல் முறையை விரிவுரையாளர் குறித்திருப்பதும் இக்கருத்துக்கு இயைகிறது.

நம் மேடைகளிலோ இச்சொல் பெரும்பாலும் புத்தாடையும் கேளிக்கையும் விரும்பும் இளைஞர்கள் மீதே வீசப்படுகிறது. இறைவன் அளித்த அலங்காரத்தையும் நல்லுணவையும் விலக்கியவர் யார் என்று 7:32 வினவுவதை நாம் மறந்துவிடுகிறோம். வசதியின் வலிமையால் அறிவுரையைச் செவிமடுக்க மறுக்கும் பெரியவர்கள், சிலவேளை அம்மேடையின் முன்வரிசையிலேயே அமர்ந்திருப்பவர்கள், தப்பிவிடுகின்றனர். மென்மையான மொழிபெயர்ப்பு அவர்களுக்கு உதவுகிறது.

ஆகவே, ‘சுகபோகத்தால் செருக்குற்றோர்’ என்னும் தொடரை மொழிபெயர்ப்பாளர்களின் ஆய்வுக்கு முன்வைக்கிறோம். சற்று நீளமானதுதான். எனினும் போகத்தையும் செருக்கையும் அது சேர்த்தே சொல்கிறது. வாசிப்பவர் தம்மையும் அதில் வைத்துப் பார்க்க இடமளிக்கிறது.