கழுகைச் சுற்றி இரும்பு மதில்

தொண்ணூறுகளில் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்த எங்களுக்கு ‘ரீவி கேம்’ என்றாலே டாங்கி விளையாட்டுத்தான். ஜப்பானின் நம்கோ நிறுவனம் 1985இல் நிண்டெண்டோவின் பமிகொம் பெட்டிக்கு வெளியிட்ட ‘பற்றில் சிற்றி’. திரையின் அடியில் ஒரு கழுகு, அதைச் சுற்றி ஒற்றை வரிசைச் செங்கல். மேலிருந்து வரும் 20 டாங்கிகளையும் அடித்து முடிக்கும்வரை கழுகைக் காக்க வேண்டும். அப்படி 35 கட்டங்கள். இதில் எதிரியின் குண்டு மட்டுமல்ல, எங்கள் குண்டும் எங்கள் கழுகை உடைக்கும். கூட்டாளியின் டாங்கியில் பட்டால் அவன் சிறிது நேரம் அசையாமல் நிற்பான். “ஏன்டா எனக்குச் சுட்டனீ?” என்று அடிபட்ட நாட்கள் அதிகம்.

இப்போது அந்த விளையாட்டைத் தேடி எடுத்துக் கைப்பேசியில் ஆடுவதும், படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி “அது ஒரு காலம்” என்று பெருமூச்சு விடுவதும் எங்கள் வயதுக்காரர்களிடம் வழக்கமாகிவிட்டது. இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ள என்னால் முடியாது. அமெரிக்காவில் நிண்டெண்டோ பெட்டிக்கு இந்த விளையாட்டு வரவேயில்லை. எங்களிடம் வந்தது நகல் பெட்டிகளில், ‘பல நூறு விளையாட்டுகள்’ என்று எழுதி ஒரு சிலவற்றையே திரும்பத் திரும்ப அடுக்கிய கசற்றுகளில். செய்தவர்களுக்கு ஒரு சதமும் போகாத திருட்டு நகல்கள்தான். ஆனாலும் எங்கள் வீடுகளுக்குள் இதைக் கொண்டுவந்தவை அவையே. அந்த வரவுக்கு நாங்கள் நினைத்துப் பேசுவதைத் தவிர வேறு பதிவு கிடையாது.

ஆனால் அந்த நினைவு சரியான நினைவுதானா? பமிகொம் செக்கனுக்கு 60 படம் காட்டும். எங்கள் நாட்டுத் தொலைக்காட்சி ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறை. அதற்கேற்பச் செய்த நகல் பெட்டிகள் 50 படமே காட்டின. விளையாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். கைப்பேசியில் ஆடிவிட்டு “வேகம் கூடிப் போச்சு, வயது போச்சு” என்கிறார்கள். வயதில் பிழையில்லை, அன்று நாங்கள் ஆடியதே மெதுவான விளையாட்டு.

இதைவிடப் பெரிய குறை, அந்த அறைக்குள் நாங்கள் ஏன் இருந்தோம் என்பதை ஏக்கம் மறந்துவிடுவது. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டு, ஜூலை 24இல் தெஹிவளை ரயில் குண்டு. அதன் பிறகு பின்னேரத்தில் கடற்கரைக்குப் போக எந்த அம்மா விடுவார்? வீதியில் சோதனைச்சாவடி, இரவில் சுற்றிவளைப்பு, அண்ணாமாரின் சட்டைப்பையில் எப்போதும் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும். கதவைச் சாத்திய வீட்டில் பிள்ளைகளுக்கு மிஞ்சியது ரீவி கேம். அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. ஆனால் கதவைச் சாத்த வைத்த காரணத்தைத் துடைத்துவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் என்பது பொய். அக்காமாரையும் இந்த ஏக்கம் மறந்துவிடுகிறது. நாங்கள் ரியூசனுக்குப் போன நேரத்தில்தான் அவர்களின் கைக்குக் கொன்ற்ரோலர் கிடைத்தது.

எங்கள் ஒழுங்கையில் இருந்த லொட்ஜில், கனடா போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காத்திருந்த ஒரு குடும்பம். அதில் என் வயதுப் பெடியன் ஒருவன். 1990இலிருந்து மின்சாரமில்லாத, பற்றரிக்கும் தடையிருந்த ஊரில் வளர்ந்தவன். முதல் நாள் கொன்ற்ரோலரைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். விளையாட்டில் கட்டத்தை நாமே அமைக்கும் வசதி இருக்கிறது. எங்களுக்கு அதில் அக்கறையில்லை, அவனுக்கோ அதுதான் எல்லாம். செங்கல்லை எடுத்துவிட்டுக் கழுகைச் சுற்றி இரண்டு வரிசை இரும்பு வைப்பான். ஒவ்வொரு கட்டையாக, பெருவிரல் நகம் வெளுக்க அழுத்தி. “கள்ள விளையாட்டு” என்று கத்துவோம். நிமிரவே மாட்டான்.

ஒரு நாள் போனபோது அறை பூட்டியிருந்தது. எந்த இரவில் போனார்கள் என்று லொட்ஜ்காரரும் சொல்லவில்லை. பின்னர் 2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களிலிருந்து தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்தச் செய்தியைக் கேட்டபோதும் எனக்கு அவனுடைய மதில்தான் நினைவுக்கு வந்தது.

அண்மையில் அதே மதிலைக் கைப்பேசியில் கட்டிப் பார்த்தேன். எதிரி டாங்கி எதுவாலும் அந்த இரும்பை உடைக்க முடியாது. மூன்று நட்சத்திரம் எடுத்த எங்கள் டாங்கியால் மட்டுமே முடியும். அவன் இரண்டோடு நிறுத்திவிடுவான். மூன்றாவது நட்சத்திரம் முன்னால் மின்னிக்கொண்டிருக்கும், மறையும்வரை அந்தப் பக்கமே போகமாட்டான்.