காற்றூதும் பெட்டிக்கு எதற்கு டாக்டர் சீட்டு?

தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்கள் அணியும் சிபாப் முகமூடியை அமெரிக்க இணையக் கடைகளில் தேடினால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். முகமூடியை முழுசாக வாங்க டாக்டர் சீட்டு வேண்டும். அதையே சட்டம் (நாட்டுச் சட்டமல்ல, முகமூடியின் சட்டம்), மூக்கில் பொருந்தும் சிலிக்கோன் மெத்தை, தலைப்பட்டை என்று உதிரியாக வாங்கினால் சில கடைகள் சீட்டே கேட்பதில்லை. வீட்டில் கொக்கிகளை மாட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. உதிரியாக வந்தால் ஆபத்தில்லை, சேர்ந்து வந்தால் ஆபத்து என்பது என்ன கணக்கோ!

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதுதான் ஸ்லீப் ஆப்னியா என்ற மூச்சுத்தடையின் பொதுவான வகை. குழாய் வழியே காற்றை அழுத்தி அனுப்பி அந்தப் பாதையைத் திறந்தே வைக்கும் சிபாப் உத்தியை 1980-இல் சிட்னியில் கோலின் சலிவன் செய்துகாட்டினார். அழுத்தம் பெரும்பாலும் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள்தான். ஆனாலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தக் கருவியை இரண்டாம் வகுப்பு மருத்துவக் கருவியாக வைத்து, சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்கிறது.

அதற்கு வலுவான காரணம் உண்டு. குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் எல்லாம் தொண்டை அடைப்புதான் என்று சொல்லிவிட முடியாது. சிலருக்குத் தொண்டை திறந்தே இருக்கும். மூச்சு விடு என்ற உத்தரவு மூளையிலிருந்து வராது. இதய பலவீனத்தோடு இந்த வகைத் தடையும் உள்ளவர்களுக்கு, மூச்சுக்கேற்பத் தானே மாறும் ஏ.எஸ்.வி. என்ற கருவியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. கருவி வைத்தவர்களில்தான் இதயநோய்ச் சாவு கூடியிருந்தது. ஏ.எஸ்.வி. வேறு, சிபாப் வேறு. இருந்தாலும் எந்த மூச்சுத்தடை என்று தெரியாமல் காற்றழுத்தத்தோடு விளையாடக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

ஆக, சீட்டு காப்பது நோயறிதலை. அது முடிந்தபின் சீட்டுக்கு என்ன வேலை? இன்றைய ஆட்டோ கருவிகள் இரவு முழுக்க அழுத்தத்தைத் தாமே கூட்டிக் குறைத்துக்கொள்கின்றன. "ஆட்டோ, 4–20" என்று மட்டும் எழுதித் தரும் டாக்டர்களும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பெட்டி அப்படித்தான் இருக்கிறது! பத்து வருடமாக முகமூடியோடு தூங்குகிறவர், பழைய கருவி பழுதானால் சீட்டைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது. அவர் முகமூடியில்லாமல் படுக்கும் இரவுகளை யார் கணக்கில் வைப்பது? காப்பீடு இல்லாதவருக்கோ முதல் பரிசோதனையே பெரிய செலவு. அவர் சிகிச்சையின் வாசலுக்கே வருவதில்லை.

கருவியின் தரத்துக்கும் சீட்டு பொறுப்பல்ல. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், உள்ளே வைத்த ஒலியடக்கும் நுரைப்பஞ்சு சிதைவதாகச் சொல்லி லட்சக்கணக்கான கருவிகளைத் திரும்ப அழைத்தது. அவை முறையாகச் சீட்டுக் கொடுத்து வாங்கியவைதான்.

காதுகேள் கருவிக்கு இதே எஃப்.டி.ஏ. வழிவிட்டிருக்கிறது. லேசான, நடுத்தரக் கேட்புக் குறையுள்ள பெரியவர்கள் 2022 அக்டோபர் முதல் அதைக் கடையில் நேராக வாங்கலாம். மூச்சுக் கருவிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். முதல் கருவிக்குச் சீட்டு இருக்கட்டும். இரண்டாவது கருவிக்கும் முகமூடிக்கும் அதைக் கேட்பதை நிறுத்திவிடலாம்.