முதலில் வெளியேறியவர்கள்

விளையாட்டு வீரர்களின் புறக்கணிப்பு என்றதும் 2020 ஆகஸ்ட் 26-ஐச் சொல்வார்கள். கெனோஷா நகரில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரின் முதுகை நோக்கி ஒரு போலீஸ்காரர் ஏழு முறை சுட்டதைக் கண்டித்து, மில்வாக்கி பக்ஸ் கூடைப்பந்து அணி அன்று களமிறங்க மறுத்தது. அதற்கு முன்கதையாக, 2016 ஆகஸ்டில் தேசிய கீதத்துக்கு எழ மறுத்துப் போராட்டத்தைத் தொடங்கிய கோலின் கேப்பர்னிக்கைச் சொல்வார்கள். இருவரும் துணிந்தவர்கள்தான். ஆனால் இந்தக் கதையில் பெண்கள் எங்கே என்று நான் கேட்கிறேன்.

கேப்பர்னிக்குக்கு ஒரு மாதம் முன்பே, 2016 ஜூலையில், மினசோட்டா லிங்க்ஸ் பெண்கள் அணி போலீஸ் கொலைகளுக்கு நீதி கேட்கும் சட்டையை அணிந்து வந்தது. டல்லாஸில் கொல்லப்பட்ட போலீஸாரின் சின்னமும் அந்தச் சட்டையில் இருந்தது. இருந்தும் அரங்கக் காவலுக்கு வந்திருந்த நான்கு போலீஸ்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். அதே மாதம் கறுப்புச் சட்டை அணிந்த மூன்று அணிகளின் பெண்களுக்கு லீக் நிர்வாகம் அபராதம் விதித்தது. 2014-இல் ஆண் வீரர்கள் இதேபோல் வாசகம் எழுதிய சட்டை அணிந்தபோது அவர்களுடைய லீக் அபராதம் எதுவும் போடவில்லை. பெண்கள் ஆட்டம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார்கள். அபராதம் திரும்பப் பெறப்பட்டது.

யாருக்கு இழப்பு அதிகம் என்பதையும் பார்க்க வேண்டும். 2020-இல் பெண்கள் லீக்கில் மிக உயர்ந்த ஆண்டுச் சம்பளமே 2,15,000 டாலர். ஆண்கள் லீக்கின் உச்ச நட்சத்திரங்கள் அப்போது நான்கு கோடி டாலர் வாங்கினார்கள். அந்த ஆகஸ்ட் 26 அன்று பெண்கள் அணிகளும் ஆடவில்லை. வாஷிங்டன் மிஸ்டிக்ஸ் அணியினர் முதுகில் ஏழு துளைகள் இட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார்கள்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. பிளேக் சுடப்பட்டது பட்டப்பகலில், தெருவில். உலகமே வீடியோவில் பார்த்தது. பிரியானா டெய்லர் அதே ஆண்டு மார்ச் 13 அன்று, நள்ளிரவுக்குப் பின், லூயிவில் நகரில் தன் வீட்டுக்குள் போலீஸ் தோட்டாவுக்குப் பலியானார். அந்தச் சாவைக் காட்ட வீடியோ இல்லை. வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்குச் சாட்சி கிடைக்காது என்பதைப் பெண்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அதனால்தான் ஜூலையில் சீசன் தொடங்கியபோதே பெண் வீரர்கள் பிரியானாவின் பெயரைத் தங்கள் முதுகில் சுமந்து வந்தார்கள். தொடக்க ஆட்டத்தில் தேசிய கீதம் ஒலிக்கையில் களத்தை விட்டு வெளியேறினார்கள். அவருடைய 26 வயதுக்கு 26 விநாடி மௌனம் காத்தார்கள்.

ஆகஸ்ட் புறக்கணிப்பு சில நாட்களில் முடிந்து ஆட்டங்கள் மறுபடி தொடங்கின. ஆட்டத்தை நிறுத்துவது பெரிய செயல். நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கண்ணில் படும் சாவுக்கு மட்டும் நிற்கும் ஆட்டம், கண்ணில் படாமல் செத்த பெண்ணுக்கு என்ன சொல்லும்? அந்தக் கேள்விக்கு முதலில் பதில் தேடியவர்கள் இந்தப் பெண்கள். வரலாற்றை அவர்களிடமிருந்து எழுதத் தொடங்குவோம்.