மீனாட்சி அம்மையாரும் மலையக இலக்கிய மதிப்பீடும்

மலையகத் தமிழிலக்கிய வரலாற்றில் மீனாட்சி அம்மையார் பெரும்பாலும் கோ. நடேசய்யரின் துணைவியார் என்ற அளவிலேயே இடம்பெற்று வந்துள்ளார். கணவருடன் தொழிற்சங்கப் பணியிற் பங்குகொண்ட அவர், தோட்டத் தொழிலாளரிடையே பாடல்கள் வாயிலாகக் கருத்துப் பரப்பியவர். 1940 இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாடல் நூலை வெளியிட்டவர். அரசாங்க சேவையிலிருந்த இந்திய நாட்கூலியாளர் 1939 இல் நீக்கப்பட்டதை அடுத்து அந்நூல் தோன்றியது.

இப்பாடல்களை வெறும் பிரசாரமென ஒதுக்குதல் பொருந்தாது. கல்வி மறுக்கப்பட்ட மக்களுக்கு மெட்டே ஏடு. அறிந்த மெட்டில் அமைந்த வாதம் கேட்டோர் வாய்வழியே அடுத்த தோட்டத்தையும் சென்றடையும். எனவே எளிமை ஈண்டு குறைபாடன்று. பயன் கருதிய வடிவத் தேர்வாகும்.

ஐக்கிய அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் கொம்பாஹி ஆற்றுக் குழு 1977 இலும், சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷோ 1989 இலும், இனம், பால் முதலியன சார்ந்த ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னியவை என வாதிட்டனர். இந்நோக்கு மலையகத்துக்கும் பொருந்துவதே. 1867 இல் லூல்கந்துரவில் தேயிலைச் செய்கை தொடங்கிய கண்டிப் பிரதேசத்தில், கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்களே. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் சமூகத்தை நாடற்றதாக்கியது. 1984 வரை நீடித்த ஊதிய வேறுபாடு அவர்களைப் பெண்களாகவும் தாழ்த்தியது.

அம்மையாரின் நூற்றலைப்போ 'இந்தியர்' என்னும் பொதுமையையே முன்னிறுத்துகின்றது. அப்பொதுமையுள் பெண்ணின் தனித்துயர் எத்துணை ஒலிக்கின்றது என்பதே திறனாய்வாளர் எழுப்பவேண்டிய வினா. அவரைப் போற்றுவதினும் நுணுகிப் பயில்வதே தகும். தேயிலை மலைகளின் அயலில் அமைந்த பல்கலைக்கழகத்துக்கு அது கடமையுமாகும்.