ஒஸ்காருக்கு மறுநாள் காலை: ஒரு பண்பலை நிகழ்ச்சி பற்றி

வானொலி நிகழ்ச்சியொன்றை இலக்கியச் சஞ்சிகையில் விமர்சிக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் நம்மிடையே இருக்கலாம். ஒரு கவிதைத் தொகுதியை முந்நூறு பிரதிகள் அச்சிட்டு, பாதியை நண்பர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடுகிறோம். தனியார் பண்பலைகளில் காலை வேளையில் பேசப்படும் தமிழோ தேநீர்க்கடையிலும் ஓட்டோவிலும் அரிசி ஆலையிலும் நாள் தவறாமல் கேட்கப்படுகிறது. என் வகுப்புப் பிள்ளைகள் கட்டுரையில் எழுதும் வாக்கியங்கள் சில எங்கிருந்து வந்தன என்று எனக்கு உடனே தெரிந்துவிடுகிறது. ஆகவே இதையும் ஒரு பிரதியாகக் கொண்டு பார்ப்பதில் தவறில்லை.

நான் எடுத்துக்கொள்வது 2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை காலை ஒலிபரப்பான நிகழ்ச்சியை. அலைவரிசையின் பெயர் இங்கு அவசியமில்லை. முதல்நாள் காலை, நமது நேரப்படி, 95 ஆவது ஒஸ்கார் விருது விழா லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்து முடிந்திருந்தது. 'ஆர்.ஆர்.ஆர்' என்ற தெலுங்குப் படத்தின் 'நாட்டு நாட்டு' சிறந்த பாடலுக்கான விருதைப் பெற்றது. நீலகிரியின் முதுமலைக் காட்டில் எடுக்கப்பட்ட 'த எலிபன்ட் விஸ்பரர்ஸ்' சிறந்த குறும் ஆவணப்படமானது. அறிவிப்பாளர்கள் ஆயத்தம் செய்துகொள்ள ஒரு முழுநாள் கையிலிருந்தது என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். நிகழ்ச்சியை நடத்திய இளைஞரும் யுவதியும் திறமைசாலிகள். ஒருவர் தொடங்கிய பேச்சை மற்றவர் முடிக்கிறார். பாடலின் முன்னிசை ஓடிக்கொண்டிருக்கையில் பேசி, பாடகரின் குரல் எழும் கணத்தில் சரியாக நிறுத்துகிறார்கள். கேட்க இலகுவாகத் தோன்றும் இது பயிற்சியால் மட்டுமே வருவது. "உங்களுக்கு ஒஸ்கார் கிடைத்தால் முதலில் யாருக்கு நன்றி சொல்வீர்கள்?" என்று நேயர்களிடம் கேட்டதும் நல்ல கேள்விதான். ஒரு பையன், "சுபஹுக்கு முன்ன எழும்பி அப்பம் சுட்டு விக்கிற எங்கட உம்மாக்கு" என்றான். இருவரும் ஒரு கணம் பேசவில்லை. அன்றைய மூன்று மணித்தியாலத்தில் எனக்கு மிகப் பிடித்தது அந்த மௌனம்.

இனிக் குறைகள். 'நாட்டு நாட்டு' அன்று நான்கு முறை ஒலித்தது. விருது பெற்ற பாடல், ஒலிக்கட்டும். இசையமைத்தவர் கீரவாணி என்று ஒரு தடவை சொன்னார்கள். அவர்தான் 'அழகன்' (1991), 'வானமே எல்லை' (1992) ஆகிய பாலசந்தர் படங்களின் மரகதமணி என்பதைச் சொல்லவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய எந்த நேயரும் அந்தப் பெயரைக் கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பாடலை எழுதிய சந்திரபோஸும் கீரவாணியோடு சேர்ந்து விருது பெற்றவர். அவர் பெயர் வரவேயில்லை. பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் ஆகிய மூவரையும் சொல்லிவிட்டே இசைத்தட்டைச் சுழலவிட்ட வானொலி மரபு இந்த நாட்டினுடையது. பி.எச். அப்துல் ஹமீதின் குரலில் அந்தப் பெயர்களைக் கேட்டே கவிஞர்களை அறிந்துகொண்ட தலைமுறை நாங்கள். அதைத் தமிழகத்தார் இன்றும் நினைவுகூர்கிறார்கள். நமது பண்பலைகள் மறந்துவிட்டன.

மதன் கார்க்கி எழுதிய தமிழ் வடிவத்துக்கு 'நாட்டுக்கூத்து' என்று பெயர். மட்டக்களப்பு, யாழ்ப்பாணப் பக்கத்தில் அச்சொல் விடியவிடிய ஆடும் ஓர் ஆட்டக்கலையைக் குறிப்பது. வித்தியானந்தனும் மௌனகுருவும் அதைப் பல்கலைக்கழக மேடை வரை கொண்டுபோனார்கள். இரண்டு நிமிடம் பேசுவதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேறெப்போது வரும்? தெலுங்கு வடிவத்தை மட்டும் போட்டு, "ஆட்டம் போடுங்க" என்றார்கள்.

இவையெல்லாம் சிறிய குறைகள். பெரிய குறை ஆவணப்படத்தைப் பற்றியது.

"யானைகளப் பத்தின ஒரு டொக்கியுமென்ரியும் அவார்ட் வாங்கியிருக்கு" என்றொரு வாக்கியம். பிறகு யானை பிளிறும் ஒலி. பிறகு யுவதியின் உடல் எடை பற்றி இளைஞரின் பகிடி. அவ்வளவுதான். அந்தப் படத்தில் பேசப்படும் மொழி தமிழ் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததாகவே படவில்லை. பொம்மன், பெள்ளி என்ற காட்டுநாயக்கர் தம்பதி, தெப்பக்காடு யானைகள் முகாமில் ரகு, அம்மு என்ற தாயற்ற இரு குட்டிகளை வளர்க்கிறார்கள். பெள்ளியின் முதற் கணவரைப் புலி கொன்றது; மகளும் இறந்துவிட்டாள். குட்டியோடு அவள் பேசும் பேச்சை இயக்குநர் கார்த்திகி கொன்சால்வேஸ் திருத்தாமல், மெருகூட்டாமல் விட்டிருக்கிறார். ஒரு பெண்ணின் தமிழ் அப்படியே உலக மேடைக்குப் போயிருக்கிறது. குரலையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி அந்த விழாவில் இருக்கவில்லை. (விழா மேடையிலும் தயாரிப்பாளர் குனீத் மொங்கா பேச முன்னரே வாத்தியத்தை எழுப்பி அவரை இறக்கிவிட்டார்களாம். இவர்களை மட்டும் குற்றம் சொல்வானேன்!)

எட்டு மணிச் செய்திக்குப் பின் அம்பாறை மாவட்டத்திலிருந்து ஒரு விவசாயி அழைப்பெடுத்தார். பாட்டுக் கேட்க வந்தவர்தான். ஆனால் யானைப் படம் என்ற சொல் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "தம்பி, எங்கட வட்டைக்குள்ள ராவைக்கு ஆனதான்" என்று தொடங்கினார். அறிவிப்பாளர் "ஆனதான், ஆனதான்" என்று அதே தொனியில் இழுத்துச் சொல்லிச் சிரித்தார். "அப்ப உங்களுக்கும் ஒரு ஒஸ்கார், என்ன பாட்டு வேணும்?" என்றார்.

அந்த மனிதர் பகிடிக்குப் பேசவில்லை. 2022 இல் மட்டும் இந்நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் மாண்டன. 140க்கும் மேற்பட்ட மனிதர்களும் மாண்டார்கள். பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று செத்த யானைகளின் படங்கள் அதே ஆண்டு உலகப் பத்திரிகைகளில் வந்தன. மார்ச் மாதம் எங்கள் பகுதியில் பெரும்போக அறுவடைக் காலம். பரணில் விழித்திருந்துவிட்டு வந்தவராகக்கூட அவர் இருக்கலாம்.

கிழக்கு முஸ்லிம்களின் பேச்சு பண்பலையில் நகைச்சுவைக்கு மட்டுமே உரியது என்ற எழுதப்படாத சட்டம் ஒன்றிருக்கிறது. அறிவிப்பாளர்கள் பேசுவது சென்னைத் தொலைக்காட்சித் தமிழ். நேயர் தனது தமிழைப் பேசினால் அது விளையாட்டுப் பொருள். அந்த இளைஞரும் நமது பகுதிக்காரர்தான் என்று கேள்வி. வீட்டில் அவரும் 'ஆன' என்றுதான் சொல்வார்.

குறைந்த சம்பளம், விளம்பர நெருக்கடி, பிரதி எழுத ஆளில்லாமை ஆகியவற்றை நான் அறியாதவனல்லன். ஆனால் ஓர் அழைப்பை இன்னும் ஒரு நிமிடம் கேட்பதற்கு ஆராய்ச்சியும் வேண்டாம், பணமும் வேண்டாம். கேட்டிருந்தால் அந்த ஆவணப்படத்துக்கே நல்லதொரு விமர்சனம் கிடைத்திருக்கும். நாற்பது நிமிடப் படம் அது. மருமகனின் கைத்தொலைபேசியில் இரண்டு தரம் பார்த்தேன். யானையை அள்ளியணைக்கும் அழகில் குறைவில்லை. ரகுவின் தாய் உணவு தேடி ஊருக்குள் வந்து மின்சாரம் தாக்கி இறந்ததென்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் படம் நகர்கிறது. மின்கம்பி யாருடையது, அதைக் கட்டியவன் எதை இழந்தான் என்று அது கேட்கவில்லை. வேளாண்மை அழிந்தவனின் முகம் அதில் இல்லை. அந்த முகத்துக்குரியவர் அன்று காலை அழைப்பில் இருந்தார்.